அய்யாவுக்கு ஓய்வு, அம்மாவுக்கு?

வீட்டுக்குச் சக்கரம் உண்டா?

உண்டு. அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும், ஐரோப்பிய நாடுகளிலும் அப்படிப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன.

பார்வைக்குப் பஸ் மாதிரி இருக்கும். உள்ளே போனால் கட்டில் இருக்கும். அடுப்பு இருக்கும். குளிர்சாதனப் பெட்டி இருக்கும். குளிக்கும் அறையும், கக்கூசும் இருக்கும். தண்ணீருக்குத் தனித் தொட்டி, கழிவுக்குத் தனித் தொட்டி. கூரையில் சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கும் தகடு.

இதற்கு 'மோட்டார் வீடு' என்று பெயர். நம் ஊரில் 'கேரவன்' என்றால் சினிமா நடிகர்கள் படப்பிடிப்பில் உட்காரும் வண்டிதான் நினைவுக்கு வரும். ஏறக்குறைய அதேதான். ஆனால் அங்கே அதில் குடியிருப்பவர்கள் நடிகர்கள் அல்ல. வேலையில் இருந்து ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள்!

பனிப் பறவைகள்

பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியே போய்விடுகிறார்கள். பெரிய வீட்டில் இரண்டே பேர். "இவ்வளவு பெரிய வீடு நமக்கு எதற்கு?" என்று யோசிக்கிறார்கள். வீட்டை விற்கிறார்கள், அல்லது வாடகைக்கு விடுகிறார்கள். மோட்டார் வீட்டில் ஏறிவிடுகிறார்கள்.

குளிர்காலம் வந்தால் தெற்கே வெயில் அடிக்கும் ஊர்களுக்குப் போகிறார்கள். கோடை வந்தால் வடக்கே திரும்புகிறார்கள். குளிருக்குப் பயந்து இப்படித் தெற்கே போகிறவர்களை அமெரிக்காவில் 'பனிப் பறவைகள்' என்று அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஊர் ஊராகச் சுற்றும் முதியவர்களுக்கு 'நரைத்த நாடோடிகள்' என்று பெயர்.

ஜெர்மனியைச் சேர்ந்த குந்தர் ஹோல்டார்ப் என்பவரின் கதை இன்னும் வியப்பானது. அவர் விமானக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். வேலையை விட்டு, 1988ல் ஒரு ஜீப் போன்ற காரில் புறப்பட்டார். 1990 முதல் அவருடைய துணைவி கிறிஸ்டினும் உடன் சென்றார். காரின் பின்பக்கத்தில் மெத்தை. அதுதான் படுக்கை அறை. கையோடு ஓர் அடுப்பு. அதுதான் சமையல் அறை.

மொத்தம் 26 ஆண்டுகள். கிட்டத்தட்ட 9 லட்சம் கிலோ மீட்டர்! பூமியை ஒரு முறை சுற்றினால் 40 ஆயிரம் கிலோ மீட்டர். அப்படியானால் 22 முறை பூமியைச் சுற்றிய கணக்கு. 2014ல்தான் பயணம் முடிந்தது. அந்தக் கார் இப்போது காட்சி சாலையில் நிற்கிறது.

மறுபக்கம்

இதைப் படித்ததும், "அடடா! கொடுத்து வைத்தவர்கள்!" என்று பெருமூச்சு விடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

மோட்டார் வீட்டில் வாழும் எல்லோரும் ஆசைப்பட்டு ஏறியவர்கள் அல்ல. அமெரிக்காவில் 2008ல் பெரிய பொருளாதார நெருக்கடி வந்தது. பலர் வேலையை இழந்தார்கள். பலர் வீட்டையும் இழந்தார்கள். அவர்களில் வயதானவர்கள் சிலர், வாடகை கொடுக்க வழியில்லாமல் வண்டியில் குடியேறினார்கள். அறுபது, எழுபது வயதில் ஊர் ஊராகப் போய், கிடங்கிலும் தோட்டத்திலும் கூலி வேலை செய்தார்கள்.

இவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் என்ற பெண் பத்திரிகையாளர் 2017ல் ஒரு புத்தகம் எழுதினார். அது 'நோமட்லேண்ட்' என்ற சினிமாவாக வந்தது. 2021ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது.

ஆக, ஒரே மாதிரி வண்டி. அதில் ஒருவர் சந்தோஷத்துக்காகப் போகிறார். இன்னொருவர் போக்கிடம் இல்லாமல் போகிறார். வித்தியாசம் எங்கே இருக்கிறது? திரும்பி வர ஒரு வீடு இருக்கிறதா, கையில் நாலு காசு இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

இதை நம் ஊர்ப் பெரியவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டும். பயணத்துக்காக வீட்டை விற்காதீர்கள்!

நம் ஊருக்குச் சரிப்படுமா?

பக்கத்து மாநிலமான கேரளம், 2021ல் கேரவன் சுற்றுலாவுக்கு என்றே தனித் திட்டம் அறிவித்தது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம்தான். ராஜபாளையத்துக்கு அது தூரம் இல்லை.

ஆனாலும், மோட்டார் வீடு வாங்குவது நம் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. வண்டியின் விலை பல லட்சம். டீசல் செலவு தனி. அந்த நாடுகளில் வண்டியை நிறுத்தவும், தண்ணீர் பிடிக்கவும், கழிவை அகற்றவும் ஊருக்கு ஊர் இடம் உண்டு. இங்கே அந்த வசதி மிகக் குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் ஓடும் வீதிகள் அகலமானவை. அவற்றை ஒட்டிய சந்துகளில் அந்த வண்டி நுழையுமா? நுழைந்தாலும் திரும்புமா?

அதனால் வண்டியை விட்டுவிடலாம். அந்த எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த எண்ணம் நமக்குப் புதிதும் அல்ல. மாட்டு வண்டி காலத்தில் நம் பெரியவர்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு ராமேசுவரம் போனார்கள். வண்டிக்கு உள்ளேயே படுக்கை. வழியில் அடுப்புக் கூட்டிச் சமையல். அதுவும் சக்கரம் வைத்த வீடுதானே! வழிப்போக்கர்களுக்காக, மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டார். மரம் வைத்தார். சத்திரம் கட்டினார். அந்தச் சாலைகளில் சில, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

டீக்கடைத் தம்பதிகள்

"பணக்காரர்கள் போவார்கள். நமக்கு முடியுமா?" என்று கேட்பவர்கள், கொச்சி டீக்கடைத் தம்பதிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணவர் பெயர் விஜயன். மனைவி மோகனா. கொச்சியில் சின்ன டீக்கடை. கடைக்கு வேலையாள் இல்லை. இரண்டு பேருமே டீ போட்டார்கள். இரண்டு பேருமே பாத்திரம் கழுவினார்கள்.

தினமும் 300 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தார்கள். போதாத பணத்துக்கு பாங்கியில் கடன் வாங்கினார்கள். வெளிநாடு போனார்கள். திரும்பி வந்து, டீ விற்று, கடனை அடைத்தார்கள். கடன் அடைந்ததும் அடுத்த நாடு!

இப்படி 25 நாடுகளுக்கு மேல் பார்த்துவிட்டார்கள். 2021 அக்டோபரில் ரஷியாவுக்குப் போய் வந்தார்கள். அதுதான் அவர்கள் சேர்ந்து போன கடைசிப் பயணம். அடுத்த மாதமே விஜயன் காலமானார். அப்போது அவருக்கு வயது 71.

கடன் வாங்கி ஊர் சுற்றுவதை எல்லோருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரஷியாவுக்குப் போவதை, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அவர்கள் தள்ளிப் போட்டிருந்தால்?

மாலை போகிறது, மனுஷி போகவில்லை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிய மாலைக்குத் தனிப் பெருமை உண்டு. சித்திரையில் அந்த மாலை மதுரைக்குப் போகிறது. அதை அணிந்துகொண்டுதான் கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்குகிறார். புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது. பிரம்மோற்சவத்தில் கருட சேவையின்போது ஏழுமலையானுக்குச் சாத்தப்படுகிறது.

ஆண்டாளும் ஸ்ரீரங்கத்துக்குப் பயணம் போனவர்தான். பல்லக்கில் ஊர்வலமாகப் போனார் என்பது ஐதீகம்.

ஊரின் மாலை ஊர் ஊராகப் போகிறது. ஊரின் பாலும் சர்க்கரையும், பால்கோவாவாக மாறி நாடெங்கும் போகிறது. 2019ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்த ஊரில் வாழும் அறுபது வயது அம்மாள் எங்கே போயிருக்கிறார்?

மகளின் பிரசவத்துக்குச் சென்னை போயிருப்பார். பேரனைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூர் போயிருப்பார். அது பயணம் ஆகுமா? அங்கேயும் அடுப்படிதான். ஊர்தான் வேறு, வேலை ஒன்றுதான். கடற்கரை இரண்டு மைல் தூரத்தில் இருக்கும். அதைப் பார்க்காமலே ரெயில் ஏறி ஊர் திரும்பிய பாட்டிகள் எத்தனை பேர்!

ஓய்வு பெற்றது யார்?

ராஜபாளையம் ஆலைகள் நிறைந்த ஊர். 1936ல் ராஜபாளையம் மில்ஸ் ஏற்பட்டது. அதன் பிறகு ஆலைகள் பெருகின. ஷிப்டு சங்குக்கு எழுந்து, ஷிப்டு முடிந்து படுத்து வாழ்ந்த குடும்பங்கள் பல.

ஆலைத் தொழிலாளிக்கு ஒரு நாள் ஓய்வு வருகிறது. மாலை போடுகிறார்கள். பிராவிடண்டு பண்டு பணம் வருகிறது. அரசாங்க ஊழியராக இருந்தால் 60 வயதில் ஓய்வு. விழா எடுக்கிறார்கள், வாழ்த்துகிறார்கள்.

மறுநாள் காலை அவர் ஆறு மணிக்கு மேலும் தூங்கலாம். அவருடைய மனைவி? வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து பால் காய்ச்சுகிறார். அவருக்கு மாலை இல்லை. பண்டு இல்லை. ஓய்வு நாள் எது என்று எந்த ஆபீசிலும் எழுதி வைக்கவில்லை.

சொல்லப்போனால், அவருக்கு அன்று முதல் வேலை கூடுகிறது. முன்பு கணவர் பகலில் வீட்டில் இருக்க மாட்டார். இப்போது பதினோரு மணிக்கு ஒரு காப்பி, நாலு மணிக்கு ஒரு காப்பி!

மைசூரில் கிருஷ்ணகுமார் என்று ஒருவர். தகப்பனார் இறந்த பிறகு, தாயாரிடம் பேசிக்கொண்டிருந்தபோது கோவில்களைப் பற்றிப் பேச்சு வந்தது. பக்கத்தில் இருக்கும் பேளூர், ஹளேபீடு கோவில்களைக்கூடத் தாம் பார்த்ததில்லை என்று தாயார் சொன்னார். பெரிய குடும்பம். காலம் முழுவதும் அவருக்குச் சமையல் கட்டில் கழிந்துவிட்டது.

மகனுக்கு அது சுருக்கென்று தைத்தது. வேலையை விட்டார். தகப்பனார் வாங்கித் தந்த பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரை எடுத்தார். 2018 ஜனவரியில் தாயாரைப் பின்னால் உட்கார வைத்துப் புறப்பட்டார். இந்தியா முழுவதும் சுற்றியதோடு, நேபாளம், பூட்டான், மியான்மர் வரை கூட்டிப் போனார். 2020க்குள் 56 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் ஓடியது அந்த ஸ்கூட்டர்.

அருமையான மகன்தான். ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. அந்தத் தாய் எழுபது வயது வரை ஏன் காத்திருக்க வேண்டும்? மகன் வந்து அழைத்துப் போவதற்கு முன்பே, கணவனும் மனைவியும் சேர்ந்து போயிருக்கக் கூடாதா? இந்தக் கேள்வி அந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியது அல்ல. நம் வீடுகள் எல்லாவற்றுக்கும் உரியது.

அடுப்பும் கூடவே வந்தால்?

மோட்டார் வீட்டில் ஒரு சங்கடம் உண்டு. அடுப்பும் கூடவே வருகிறது!

அய்யா வண்டி ஓட்டுவார். மலையைப் பார்ப்பார், ஆற்றைப் பார்ப்பார். அம்மா உள்ளே வெங்காயம் நறுக்கினால், அது என்ன ஓய்வு? சமையல் அறை ஊர் ஊராகப் போனது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வீட்டுக்கு வீடு வாசப்படி. மோட்டார் வீட்டுக்கும் வாசப்படி உண்டு. பத்தடி வண்டிக்குள் இரவும் பகலும் இரண்டு பேர் இருக்க வேண்டுமானால், வேலையைப் பங்கு போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நாலாவது நாளே சண்டை வந்துவிடும்.

நம் ஊர் யாத்திரைக்கும் இதே விதிதான். புளியோதரை கட்டுவது, துணி துவைப்பது, மருந்து எடுத்து வைப்பது, பை சுமப்பது எல்லாம் அம்மாவின் தலையில் விழுந்தால், அவர் திரும்பி வந்து சொல்லப்போவது ஒன்றுதான். "இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்!"

டீக்கடையில் விஜயன் பாத்திரம் கழுவினார். கவுரவம் குறைந்தா போய்விட்டது? உலகமே அவரைப் பாராட்டியது.

சாக்குகள்

பயணம் என்ற பேச்சை எடுத்ததும், வீட்டில் நடக்கும் உரையாடல் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"ஏங்க, ஒரு நடை ராமேசுவரம் போயிட்டு வரலாமா?"

"வீட்டை யாரு பார்த்துக்கிறது?"

வீட்டைப் பூட்டலாம். பூட்டு அதற்குத்தான் இருக்கிறது. ராஜபாளையத்தில் பிறந்து சென்னை மாகாணத்தின் முதல்-மந்திரியாக இருந்தவர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. அவர் தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அது காந்தி கலை மன்றம் ஆனது. வீட்டையே கொடுத்த மனிதர் பிறந்த ஊரில், பத்து நாள் வீட்டைப் பூட்டப் பயந்தால் எப்படி?

"பணம் செலவாகுமே! பிள்ளைகளுக்கு வேண்டாமா?"

பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுத்தாகிவிட்டது. கல்யாணம் செய்தாகிவிட்டது. வைத்தியத்துக்கு என்று ஒரு தொகையை எடுத்து வையுங்கள். அதைத் தொடாதீர்கள். மிச்சத்தில் ஒரு பங்கு, உழைத்த இரண்டு பேருக்கும் சொந்தம். அதைச் செலவு செய்ய யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியது இல்லை.

"பேரனை யார் பார்த்துக்கொள்வது?"

இது நியாயமான கேள்வி. பேரப் பிள்ளைகள் வீட்டின் செல்வம். ஆனால் தாத்தா பாட்டி சம்பளம் இல்லாத வேலையாட்கள் அல்ல. வருஷத்தில் இருபது நாள் லீவு அவர்களுக்கும் வேண்டும். மகனும் மருமகளும் அந்த இருபது நாளுக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

"இந்த வயசிலே ஊர் சுற்றினா, ஊர் என்ன சொல்லும்?"

ஊர் நாலு நாள் பேசும். ஐந்தாவது நாள், "எவ்வளவு செலவாச்சு? எங்கே தங்கினீங்க?" என்று கேட்கும்.

எப்படித் தொடங்கலாம்?

முதலிலேயே காசிக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோ மீட்டர்தான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில், 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு நாள் காலையில் இரண்டு பேரும் புறப்படுங்கள். பகல் சாப்பாட்டை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அன்று வீட்டில் அடுப்பு எரியக் கூடாது!

அடுத்து, ஆனி ஆடியில் குற்றாலம். இரண்டு இரவு தங்குங்கள். உடம்பு தாங்குகிறதா, இரண்டு பேருக்கும் ஒத்துப் போகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு ராமேசுவரம், கன்னியாகுமரி. அதன் பிறகு காசி.

ரெயிலில் 60 வயதான ஆண்களுக்கும், 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். மருந்துச் சீட்டின் நகல் ஒன்றைக் கணவர் பையிலும், ஒன்றை மனைவி பையிலும் வையுங்கள். பணத்தையும் இரண்டாகப் பிரித்து வையுங்கள். பிள்ளைகளின் போன் நம்பரை ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த ஊருக்குப் போவது என்பதை ஒரு முறை அய்யா முடிவு செய்யட்டும். அடுத்த முறை அம்மா முடிவு செய்யட்டும். அம்மாவுக்குக் கோவில்தான் பிடிக்கும் என்று நீங்களாக நினைத்துவிடாதீர்கள். அவருக்குக் கடலைப் பார்க்க ஆசை இருக்கலாம். ஆகாய விமானத்தில் ஏற ஆசை இருக்கலாம். இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை. அதனால் அவரும் சொல்லவில்லை.

சர்க்கார் செய்ய வேண்டியது

முதியவர்களுக்கு ரெயில் கட்டணத்தில் ஆண்களுக்கு 40 சதவீதமும், பெண்களுக்கு 50 சதவீதமும் சலுகை இருந்தது. கொரோனா பரவிய 2020 மார்ச் மாதத்தில் அது நிறுத்தப்பட்டது. கொரோனா அடங்கிவிட்டது. சலுகையை மீண்டும் கொடுப்பதுதான் நியாயம். எல்லா வகுப்புக்கும் கொடுக்க முடியாவிட்டால், ஏழைகள் போகும் சாதாரண படுக்கை வகுப்புக்காவது கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் அறநிலையத் துறை, 60 வயது முதல் 70 வயது வரை உள்ளவர்களை அறுபடை வீடுகளுக்கு இலவசமாக அழைத்துச் செல்லும் திட்டத்தை நடத்தியிருக்கிறது. நல்ல திட்டம். இப்படிப்பட்ட திட்டத்தில் கணவன்-மனைவியாக வருகிறவர்களுக்கு முதல் இடம் கொடுக்கலாம்.

இன்னொன்று. பஸ் நிலையங்களில் சுத்தமான கக்கூஸ் வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் வயதான பெண்கள் பலர் வெளியூர் போகப் பயப்படுவதற்கு இதுவே பெரிய காரணம். பஸ் ஏறும் நாளில் தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பாட்டிகள் உண்டு. மங்கம்மாள் சத்திரம் கட்டிய நாட்டில், இதைச் செய்ய முடியாதா?

இருவராக இருக்கும்போதே...

ஹோல்டார்பின் துணைவி கிறிஸ்டின் 2010ல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய விருப்பப்படி, ஹோல்டார்ப் பயணத்தைத் தொடர்ந்தார். ஆனால் பக்கத்து இருக்கையில் கிறிஸ்டின் இல்லை. கொச்சியில் மோகனாவுக்கும் அதே நிலைதான். அவர்கள் இருவருக்கும் ஓர் ஆறுதல் உண்டு. சேர்ந்து பார்த்த ஊர்கள் நினைவில் இருக்கின்றன.

நம் வீடுகளில் நடப்பது என்ன? மகள் கல்யாணம் முடியட்டும் என்கிறோம். பிறகு, மகன் வீடு கட்டட்டும் என்கிறோம். பிறகு, பேரன் பள்ளிக்கூடம் போகட்டும் என்கிறோம். எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தால், ஒருவருக்கு மூட்டு வலி. அல்லது ஒருவரே இல்லை.

அய்யா ஓய்வு பெற்ற நாளே, அம்மாவும் ஓய்வு பெற்ற நாளாக இருக்கட்டும். அன்று கிடைக்கும் மாலையை அவர் கழுத்திலும் ஒரு முறை போடுங்கள். பிறகு அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.

"எந்த ஊரைப் பார்க்கணும்னு உனக்கு ஆசை?"

உடனே பதில் வராது. யோசித்துத்தான் சொல்வார். பொறுமையாக இருங்கள். அவர் நாற்பது வருஷம் பொறுத்தவர்!